சுமைகூலி சிந்துபாத்தின் கதையை யார் எழுதுவது?

(பொன்விழாக் குடும்ப நாளில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





பொன்விழா என்றால் மலர் வெளியிடுவோம். மலர் என்றால் மூத்தவர்களைப் பற்றிய கட்டுரைகள் இருக்கும். நம் சமுதாயத்தில் வெளிவந்த மலர்கள் பலவற்றை நாம் புரட்டிப் பார்த்திருக்கிறோம். "இளகிய மனம் படைத்தவர், கொடை உள்ளம் கொண்டவர், எல்லாரிடமும் இன்முகத்துடன் பழகியவர்" என்று எழுதியிருக்கும். அந்த வரிகளை எடுத்து வேறொருவர் படத்துக்குக் கீழே போட்டாலும் அப்படியே பொருந்திவிடும். எழுதியவர்கள் பொய் எழுதவில்லை, அன்போடுதான் எழுதினார்கள். ஆனால் அதைப் படிக்கும் பேரனுக்குத் தன் நன்னா கண்ணில் தெரிவதில்லை.

அதே பேரனிடம் சிந்துபாத் யார் என்று கேளுங்கள், சொல்வான். அலிபாபா யார், முல்லா நஸ்ருத்தீன் யார் என்று கேளுங்கள், சிரித்துக்கொண்டே சொல்வான். தேக்காவில் நாற்பது வருடம் கடை வைத்திருந்த தன் சொந்தப் பாட்டனாரைப் பற்றிக் கேட்டால், "நல்லவர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவான். கதையில் மட்டுமே வாழ்ந்தவர்கள் மனத்தில் நிற்கிறார்கள். நம்மோடு வாழ்ந்தவர்கள் மறைந்துபோகிறார்கள். இது ஏன் என்று யோசிப்பதும், அந்தக் கதைகளிடமிருந்து நாம் எதைக் கற்றுக்கொண்டு நம் வீட்டுக் கதைகளை எழுதலாம் என்று பார்ப்பதும்தான் இந்த உரையின் நோக்கம்.

முதலில் சிந்துபாத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ் வீடுகளுக்கு அவனை அழைத்து வந்ததில் 'தினத்தந்தி'யின் கன்னித்தீவுக்குப் பெரும்பங்கு உண்டு. 1960-இல் தொடங்கிய அந்தப் படக்கதை தலைமுறைகளைத் தாண்டி ஓடியது. முடியாத எந்தக் காரியத்தையும் "கன்னித்தீவு மாதிரி" என்று சொல்லும் அளவுக்கு நம் பேச்சிலும் கலந்துவிட்டது. ஆனால் ஆயிரத்தொரு இரவுகளில் உள்ள கதையில் சிந்துபாத்துகள் இருவர். ஒருவர் கடலோடி, செல்வந்தர். மற்றவர் பாக்தாத் தெருக்களில் சுமை தூக்கிப் பிழைப்பவர். கொளுத்தும் வெயிலில் ஒருநாள் அந்தச் சுமைகூலி ஒரு பெரிய வீட்டு வாசலில் மூட்டையை இறக்கி வைத்து இளைப்பாறுகிறார். உள்ளே விருந்தும் இசையும் நடக்கின்றன. நமக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு என்று அவர் புலம்புவது வீட்டுக்காரர் காதில் விழுகிறது. உள்ளே அழைத்துப் பெயர் கேட்கிறார். இருவருக்கும் ஒரே பெயர். அதன் பிறகு கடலோடி தம் ஏழு பயணங்களையும் நாளுக்கொன்றாகச் சொல்கிறார். கேட்கும் சுமைகூலிக்கு நாள்தோறும் நூறு பொற்காசு கொடுத்து அனுப்புகிறார்.

இதில் நமக்கு முதல் பாடம் இருக்கிறது. கடலோடி சிந்துபாத் ஒவ்வொரு பயணத்திலும் சாவின் விளிம்பைத் தொட்டுத் திரும்புகிறார். இனிமேல் போதும் என்று வீட்டில் உட்காருகிறார். கொஞ்ச நாளில் மறுபடியும் கடல் அழைக்கிறது. வேண்டிய செல்வம் இருந்தும் கிளம்பிவிடுகிறார். அவருடைய வீரத்தைவிடக் கரையில் உட்கார முடியாத அந்தத் தவிப்புதான் நம் மனத்தில் பதிகிறது. கதையில் ஒருவர் உயிர்பெற வேண்டுமானால் அவருக்கு ஓர் ஆசை வேண்டும். அந்த ஆசைக்கு ஒரு தடை வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஏழு நாளும் சுமைகூலி சிந்துபாத் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் தூக்கிய மூட்டைகளின் கதையை யாரும் கேட்கவில்லை. சிங்கப்பூர் ஆற்றில் சரக்குப் படகு செலுத்திய சூலியாக்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், சாப்பாட்டுக் கடையில் அடுப்படியில் நின்றவர்கள், பெட்டிக்கடையிலும் நாணயமாற்றுக் கடையிலும் பொழுதெல்லாம் உட்கார்ந்திருந்தவர்கள் ஆகிய நம் முன்னோர்களில் பெரும்பாலோர் அந்தச் சுமைகூலியின் இனம். அவர்களுடைய ஏழு பயணங்களை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

எப்படி எழுதுவது? கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தேநீர் ஆற்றும் வேலை. "அவர் கடின உழைப்பாளி, குடும்பத்துக்காகத் தியாகம் செய்தவர்" என்று எழுதினால் அவர் முகம் தெரியாது. இப்படி எழுதிப் பார்ப்போம்: ஒரு பிஸ்கட் டின்னில் எட்டு வருடம் காசு சேர்த்திருக்கிறார். முதலாளி ஊருக்குத் திரும்பப் போவதாகவும், விரும்பினால் கடையை அவரே எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். அதே வாரத்தில் ஊரிலிருந்து கடிதம் வருகிறது. தங்கைக்கு நிக்காஹ் பேசி முடித்துவிட்டார்கள். டின்னில் இருப்பது ஒன்றுக்குத்தான் போதும். இப்போது நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். தியாகம் என்ற சொல்லை எழுத்தாளர் எங்கும் எழுதவில்லை. டின்னைத் திறந்து எண்ணும் கை மட்டும் தெரிகிறது. அவர் எந்த முடிவெடுத்தாலும் அது அவரை நமக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது பாடத்துக்கு முல்லா நஸ்ருத்தீனிடம் போவோம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கழுதையை இரவல் கேட்கிறார். முல்லாவுக்குக் கொடுக்க மனமில்லை. கழுதை வீட்டில் இல்லை என்கிறார். அந்த நேரம் பார்த்துக் கொட்டிலிலிருந்து கழுதை கத்துகிறது. வந்தவர் முறைக்கிறார். முல்லா கொஞ்சமும் கலங்காமல், என் பேச்சை நம்புவீரா, கழுதையின் பேச்சை நம்புவீரா என்று திருப்பிக் கேட்கிறார். முல்லா எப்படிப்பட்டவர் என்று கதை ஒரு வரிகூட வருணிக்கவில்லை. அவர் கஞ்சத்தனமும் சாமர்த்தியமும் வெட்கமின்மையும் அந்த ஒரு கேள்வியில் வந்துவிடுகின்றன. மனிதர்கள் சொல்வது ஒன்று, உண்மை வேறொன்று. அந்த இடைவெளியில்தான் கதை பிறக்கிறது.

நம் தேநீர்க் கடைக்காரர் ஊருக்கு எழுதும் கடிதத்தில் "இங்கு நான் சௌக்கியம்" என்று எழுதுகிறார். எழுதும்போது அவர் உட்கார்ந்திருப்பது கடைக்கு வெளியே ஐந்தடியில், இரவு படுக்க விரித்த பாயில். அந்தச் சௌக்கியம் என்ற ஒரு சொல்லும் அந்தப் பாயும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் போதும். மேற்கொண்டு நாம் விளக்க வேண்டியதில்லை. நம்மில் பலர் வீட்டில் பழைய கடிதங்கள் இன்னும் இருக்கும். அவற்றில் எழுதப்பட்டதைப் படிப்பதோடு, எழுதாமல் விடப்பட்டதையும் தேடுங்கள்.

மூன்றாவதாக, அலிபாபா கதை. 1956-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை நம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அது. எம்.ஜி.ஆர். அலிபாபா, பானுமதி மார்ஜியானா. கதையில் அலிபாபாவின் அண்ணன் காசிம் குகைக்குள் நுழைகிறான். பொன்னைக் கண்டதும் அறிவு மயங்குகிறது. அள்ளி மூட்டை கட்டுவதிலேயே கருத்தாக இருந்தவனுக்கு, வெளியேற வேண்டிய நேரத்தில் கதவைத் திறக்கும் சொல் நினைவுக்கு வரவில்லை. திருடர்கள் கையில் சிக்கி மடிகிறான். இந்த முடிவு வானத்திலிருந்து விழவில்லை. இடி விழுந்தோ பாம்பு கடித்தோ காசிம் செத்திருந்தால் நாம் மறந்திருப்போம். அவனுடைய பேராசையே அவன் நாவிலிருந்து அந்தச் சொல்லைத் துடைத்தது. நம் இளைஞர்கள் எழுதும் கதைகளில் முடிவில் ஒரு விபத்து, அல்லது ஒரு நோய், அல்லது எதிர்பாராத பரிசுச் சீட்டு வந்துவிடுகிறது. முடிவை வெளியில் தேட வேண்டாம். கதாபாத்திரத்தின் குணத்துக்குள்ளேயே தேடுங்கள்.

அதே கதையில் மார்ஜியானாவைப் பாருங்கள். வீட்டை அடையாளம் காணத் திருடன் கதவில் ஒரு குறி போட்டுவிட்டுப் போகிறான். அவள் அதைக் கவனிக்கிறாள். அழிக்கவில்லை; அக்கம்பக்கத்துக் கதவுகளிலெல்லாம் அதே குறியைப் போட்டுவிடுகிறாள். அவள் புத்திசாலி என்று சொல்லப் பத்து வரி எழுதுவதைவிட அந்த ஒரு செயல் மேல். நம் வீட்டுப் பெண்களைப் பற்றி எழுதும்போது "பொறுமையின் சிகரம்" என்று எழுதி நிறுத்திவிடுகிறோம். கணவர் கப்பலேறிப் போனபின் நான்கு பிள்ளைகளோடு ஊரில் இருந்தவர், வந்த பணத்தை எப்படிப் பங்கிட்டார், எந்த நகையை எப்போது அடகு வைத்தார், அதை யாருக்கும் தெரியாமல் எப்படி மீட்டார் என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மார்ஜியானா இருப்பார்.

நான்காவது, கல்கியின் வந்தியத்தேவன். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. சோழ நாட்டின் கதையைச் சொல்ல வந்த கல்கி, அரண்மனைக்குள்ளிருந்து தொடங்கவில்லை. ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில், குதிரைமேல் வரும் ஓர் இளைஞனோடு தொடங்கினார். அவனுக்கு அந்த நாடு புதிது. அவன் பார்க்கும்போது நாமும் பார்க்கிறோம். அவன் ஏமாறும்போது நாமும் ஏமாறுகிறோம். புதிதாக வந்தவனின் கண் கதாசிரியருக்குப் பெரிய உதவி. நம் குடும்பங்களில் அந்தக் கண்ணுக்குப் பஞ்சமே இல்லை. 'ரஜூலா' கப்பலிலும் பிற்பாடு 'சிதம்பரம்' கப்பலிலும் வந்திறங்கிய ஒவ்வொருவரும் ஒரு வந்தியத்தேவன்தான். இன்னும் பின்னோக்கியும் போகலாம். தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டப்பட்டபோது அதற்கு எதிரே கடல் இருந்தது. இன்று அங்கே நின்றால் தெரிவது வானுயர்ந்த கட்டடங்கள். அன்று கரையிறங்கிய ஒருவர் முதலில் எதைப் பார்த்திருப்பார், என்ன வாசம் வந்திருக்கும், யாரிடம் எந்த மொழியில் வழி கேட்டிருப்பார்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுதினால் ஒரு கதையின் முதல் பக்கம் தயார்.

இடத்தைப் பற்றிப் பேசும்போது உமறுப் புலவரை நினைக்காமல் இருக்க முடியாது. அவர் பெயரில் 1946-இல் இங்கே ஒரு தமிழ்ப் பள்ளியே எழுந்தது. அங்கே படித்தவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். அவர் பாடிய சீறாப்புராணம் 5,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்டது. அரபு நாட்டைப் பாடும்போது மழையும் ஆறும் நெல்வயலும் நிறைந்த தமிழ்நாட்டுக் காட்சிகளை அங்கே கொண்டுபோய் வைத்தார். தமிழ்க் காப்பிய மரபு அது. கேட்பவர் மனம் ஒன்ற வேண்டும் என்ற அக்கறையும் அதில் உண்டு. அந்த அக்கறையை நாம் அப்படியே எடுத்துக்கொள்வோம். நம் காலத்தில் கேட்பவர்கள் நம் பிள்ளைகள். அவர்கள் வயல் வரப்பில் நடந்ததில்லை. அவர்களுக்குத் தெரிந்தது வீவக புளோக்கின் கீழ்த்தளம், மின்தூக்கி, தேக்கா ஈரச்சந்தையின் தரை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து டன்லப் தெரு அப்துல் கபூர் பள்ளிவாசலிலிருந்து வெளிவரும் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் கால்வைக்க இடமில்லாமல் நிறையும் தொழிலாளத் தம்பிகள். இவற்றை எழுதினால்தான் கதை தன்னுடையது என்று அவர்கள் உணர்வார்கள்.

அடுத்தது பேச்சு. இதில் நம் முன்னோடி இந்த மண்ணிலேயே இருந்தார். சி.கு. மகதூம் சாயபு 1887-இல் இங்கே 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு 'வினோத சம்பாஷணை' என்ற ஒன்றை அதில் எழுதினார். அதைச் சிறுகதை என்று சொல்லலாமா, உரையாடல் என்று விட்டுவிடலாமா என்று ஆய்வாளர்கள் வாதிடுவார்கள். நமக்கு முக்கியமானது வேறு. சிங்கப்பூரில் தமிழ்க் கதை எழுத முற்பட்ட ஒருவர், மனிதர்கள் பேசிக்கொள்வதிலிருந்து தொடங்கினார். வானொலிக் காலத்தில் புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணன் 'அடுக்குவீட்டு அண்ணாசாமி'யைப் படைத்தபோதும் காதில் விழுந்த பேச்சைத்தான் நம்பினார். அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த காலத்து மனிதர்களை மக்கள் அதில் கேட்டுச் சிரித்தார்கள்.

நம் வீடுகளின் பேச்சு எவ்வளவு வளமானது என்று யோசியுங்கள். ஒரு பிள்ளை தகப்பனாரை "அத்தா" என்று அழைத்தால் ஓர் ஊர், "வாப்பா" என்று அழைத்தால் இன்னோர் ஊர். எழுதும்போது மட்டும் எல்லாரும் "தந்தையே" என்று கூப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள்! தோப்பில் முஹம்மது மீரான் தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம்களின் பேச்சை அப்படியே காகிதத்தில் இறக்கினார். 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' 1988-இல் நூலாக வந்தது. 'சாய்வு நாற்காலி'க்கு 1997-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. தம் ஊர்ச் சொல்லைப் பற்றி அவர் வெட்கப்படவில்லை. நாமும் வெட்கப்பட வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு தயக்கம் வரும். அது நியாயமான தயக்கம். மறைந்தவர்களின் குறைகளைப் பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். குறையே இல்லாமல் எழுதினால் கதை உயிர்பெறாது; குறையோடு எழுதினால் குடும்பம் வருந்தும். என்ன செய்வது? புனைகதை என்ற வடிவம் இதற்குத்தான் பயன்படுகிறது. பெயரை மாற்றுங்கள். இரண்டு பேரை ஒருவராக்குங்கள். ஊரையும் தொழிலையும் மாற்றுங்கள். ஒருவரின் பாவத்தை அம்பலப்படுத்துவது வேறு, அவர் பட்ட தடுமாற்றத்தைச் சொல்வது வேறு. தங்கையின் நிக்காஹுக்குப் பணம் அனுப்பிவிட்டு, கைநழுவிய கடையை இரவு முழுதும் வெறித்துப் பார்த்தார் என்று எழுதுவதில் யாருக்கும் இழுக்கில்லை. அந்த ஏக்கத்தை மறைத்து, மகிழ்ச்சியோடு கொடுத்தார் என்று எழுதினால்தான் அவர் கொடுத்ததன் எடை குறைந்துபோகிறது. முல்லாவை நாம் நேசிப்பதும் அவர் குறைகளோடு சேர்த்துத்தானே?

சரி, யாருக்காக எழுதுவது? ஷஹ்ராஸாத் இதற்குப் பதில் சொல்வார். ஒவ்வோர் இரவும் கதையைப் பாதியில் நிறுத்தி உயிரைக் காத்துக்கொண்டவர் என்று அவரைப் புகழ்வோம். நிறுத்தும் கலை முக்கியம்தான். அதைவிட முக்கியம், அவர் எதிரில் உட்கார்ந்திருந்த அந்த ஒரே ஆளை நன்றாக அறிந்திருந்தார். அவன் கோபம் எது, அவன் காயம் எது என்று தெரிந்து கதையைத் தேர்ந்தெடுத்தார். நாமும் உலகத்துக்கு என்று எழுத வேண்டாம். நம் வீட்டில் ஆங்கிலத்திலேயே சிந்திக்கும் பதினான்கு வயதுப் பேத்தி ஒருத்தி இருக்கிறாள் அல்லவா? அவளுக்கு எழுதுவோம். அவள் எந்த இடத்தில் கைப்பேசியை எடுப்பாள் என்று நினைத்துக்கொண்டே எழுதுவோம். அந்த இடத்துக்கு முன்னாலேயே கதவை யாராவது தட்டட்டும்.

அலிபாபா கதையைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு முடிக்கிறோம். அலிபாபாவும் அலாவுதீனும் ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுப் பிரதிகளில் இல்லை. 1709-இல் பாரிஸ் நகருக்கு வந்திருந்த ஹன்னா தியாப் என்ற சிரியா நாட்டு அலெப்போ இளைஞர், மொழிபெயர்ப்பாளர் அந்துவான் கலானிடம் அவற்றை வாய்மொழியாகச் சொன்னார். கலான் அவற்றை விரித்து எழுதி நூலில் சேர்த்தார். உலகம் முழுதும் அந்தக் கதைகள் பரவின. சொன்னவர் பெயர் அந்த நூலில் இல்லை; கலானின் நாட்குறிப்பில் மட்டும் இருந்தது. தியாப் தம் பயண அனுபவங்களை முதுமையில் தாமே எழுதி வைத்திருந்தார். அந்தக் கைப்பிரதி வத்திக்கான் நூலகத்தில் அடையாளம் காணப்பட்டது அண்மைக் காலத்தில்தான். எழுதி வைத்ததால் இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பிறகாவது அவர் குரல் நமக்குக் கேட்கிறது. நம் முன்னோர்களில் எத்தனை பேர் எழுதி வைத்தார்கள்? அவர்கள் சொன்னதைக் கேட்டவர்கள் இன்று இந்த அவையில் இருக்கிறார்கள். அடுத்த பொன்விழாவில் எத்தனை பேர் இருப்போம் என்பதை அல்லாஹ் அறிவான்.

நமக்கு இது புதிய வேலையும் இல்லை. தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்றான 'அசன்பே சரித்திரம்' 1885-இல் இலங்கையின் சித்திலெவ்வை மரைக்கார் எழுதியது. நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் 1938-இலேயே 'காதலா? கடமையா?' நாவலை வெளியிட்டார். இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களில் காலத்தால் முந்தியது 1572-இல் வந்த 'ஆயிரம் மசலா'. மசலா என்றால் கேள்வி. கேள்வி கேட்டுப் பதில் பெறும் வடிவத்தில்தான் நம் இலக்கியமே கண் திறந்தது.

ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளைகள் ஆளுக்கு மூன்று மசலா கேட்க வேண்டும். "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள்; பெரியவர்கள் "என்னத்தச் சொல்ல" என்று தட்டிக்கழித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள். முதல் சம்பளத்தில் எதை வாங்க ஆசைப்பட்டு வாங்காமல் விட்டீர்கள்? ஊருக்கு எழுதிய கடிதத்தில் எதை எழுதாமல் மறைத்தீர்கள்? இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்ற நிலை எப்போது வந்தது, எதை எடுத்தீர்கள்? பதிலைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். அவர்கள் சொன்ன சொல்லை மாற்றாமல் ஒரு பக்கம் எழுதுங்கள். தமிழில் எழுதத் தடுமாறினால் உம்மாவோ அத்தாவோ பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கட்டும்.

அந்த ஒரு பக்கத்தைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். சுமைகூலி சிந்துபாத் இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்தார். இனி அவர் சொல்லட்டும், நாம் கேட்போம்.